எடுத்த காரியத்தில் நின்ற பென்னிகுக்

ஃபஜ்ருத் தொழுகையை முடித்துக்கொண்டு வயலுக்குப் போகிற உத்தமபாளையம், கம்பம் பகுதி மக்களைக் கேட்டால், தங்கள் வாய்க்காலில் ஓடும் தண்ணீர் பெரியாற்று அணையிலிருந்து வருகிறது என்பார்கள். அணையைக் கட்டியவர் பெயரையும் உடனே சொல்வார்கள். கர்னல் ஜான் பென்னிகுக்கின் படம் அங்கே டீக்கடைகளிலும் உண்டு, வீடுகளிலும் உண்டு. அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். நம்மை ஆண்ட வெள்ளையர்களில் ஒருவர். ஆயினும் நிய்யத்துச் செய்து தக்பீர் கட்டிய மறுகணமே மனம் கடைக்கும் கடனுக்கும் ஓடிப்போகிற நமக்கு, ஒரே காரியத்தில் பதின்மூன்று ஆண்டுகள் மனத்தை நிறுத்திய ஒருவரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது வீண்போகாது.

அவர் பிறந்தது நம் நாட்டில்தான். 1841 ஜனவரி 15ஆம் நாள் பூனா நகரில் பிறந்தார். தகப்பனார் ஆங்கிலேயப் படையில் பிரிகேடியர். 1849 ஜனவரி 13ஆம் நாள் பஞ்சாபில் சில்லியன்வாலா என்ற இடத்தில் சீக்கியப் படையுடன் நடந்த போரில் தகப்பனாரும் மூத்த சகோதரர் ஒருவரும் ஒரே நாளில் மாண்டார்கள். சிறுவன் ஜானுக்கு எட்டு வயது நிறைய அப்போது இரண்டு நாள் பாக்கி. பிறகு இங்கிலாந்தில் செல்ட்டனாமிலும் அடிஸ்கோம் ராணுவக் கல்லூரியிலும் படித்துத் தேறி, 1860ல் சென்னை மாகாணத்துக்கு ராணுவ இஞ்சினீயராக வந்து சேர்ந்தார். இடையில் 1868ல் அபிசீனியப் படையெடுப்புக்குப் போய்த் திரும்பியது போக, அவருடைய உழைப்பெல்லாம் பொதுப்பணி இலாகாவுக்கே ஆயிற்று.

இனி அந்த ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியாறு மேற்கு மலைத் தொடரில் பிறந்து மேற்கே ஓடி அரபிக் கடலில் விழுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் மழைக்குக் குறைவில்லை. இந்தப் பக்கம் வைகைக் கரையோ வானத்தைப் பார்த்துக் கிடந்தது. மலையைக் குடைந்து அந்தத் தண்ணீரை இங்கே திருப்பினால் என்ன என்ற எண்ணம் பென்னிகுக்குடையது அன்று. 1789லேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆட்களை அனுப்பி இடத்தைப் பார்க்கச் செய்தார்; பணம் போதாமல் விட்டார். 1808ல் கால்டுவெல் என்ற ஆங்கிலேய இஞ்சினீயர் வந்து பார்த்து, இது வெறும் கனவு என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். 1850ல் சிறு அணை ஒன்றைத் தொடங்கிப் பார்த்தார்கள். காட்டுக் காய்ச்சலுக்கு அஞ்சிக் கூலியாட்கள் ஓடிவிடவே அதுவும் நின்றது. 1860களில் ரைவ்ஸ் என்ற அதிகாரி மண் அணைக்கு ஒரு திட்டம் தீட்டினார். அது காகிதத்தோடு இருந்தது. பிறகு 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்து தென்னாட்டில் லட்சக்கணக்கானோர் மடிந்தனர். அதன் பிறகுதான் அரசாங்கம் விழித்துக்கொண்டது.

ஆக, யோசனை சொல்ல ஆளில்லாமல் ஒரு நூற்றாண்டு போகவில்லை. ஒவ்வொருவரும் வந்தார், பார்த்தார், வேறு வேலை வந்ததும் அதன் பின்னே போனார். நம் வீடுகளிலும் பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கிப் பாதியில் கிடக்கும் காரியங்களை எண்ணிப் பார்த்தால் இது அதிசயமாகத் தோன்றாது.

1882ல் அந்தப் பழைய காகிதங்கள் பென்னிகுக்கின் கைக்கு வந்தன. மண் அணையை அவர் ஒதுக்கினார். முன்புறமும் பின்புறமும் கருங்கல் கட்டடம், நடுவே சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கான்கிரீட் என்று தீர்மானித்தார். செங்கல்லைச் சுட்டு இடித்த பொடியே சுர்க்கி. சிமெண்டு நம் நாட்டில் எளிதில் கிடைக்காத காலம் அது. அரசாங்கத்தின் ஒப்புதல் கிடைத்த பிறகும் திருவிதாங்கூருடன் பேச்சு இழுத்துக்கொண்டே போயிற்று. 1886 அக்டோபர் 29ஆம் நாள்தான் 999 ஆண்டுக் குத்தகைப் பத்திரம் கையெழுத்தாயிற்று. 1887ல் வேலை தொடங்கியது.

வேலை நடந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். அருகிலிருந்த ரயில் நிலையம் அம்மையநாயக்கனூர், அதாவது இன்றைய கொடைக்கானல் ரோடு. அங்கிருந்து காட்டை அடைய 70 மைலுக்கு மேல். தளவாடங்கள் மாட்டு வண்டியில் கூடலூர் வரை வந்து மலையேற வேண்டும். மேலே யானைக் கூட்டம், அட்டை, அடைமழை. எல்லாவற்றையும் விடக் கொடியது காய்ச்சல். அது எதனால் வருகிறது என்று அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. காட்டுக் காற்றிலேயே விஷம் இருப்பதாக நம்பினார்கள். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை சிக்கந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தது 1897ல். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே அணை கட்டி முடிந்துவிட்டது. ஆக, எதிரி யார் என்று அறியாமலே போராடியிருக்கிறார்கள். அதில் இறந்துபோன தொழிலாளிகள் நூற்றுக்கணக்கில். அவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. பென்னிகுக்கைப் போற்றும்போது இவர்களை மறந்துவிடக் கூடாது.

இரு பருவ மழையும் பெய்கிற மலை அது. மழை ஓய்ந்து ஆறு இளைக்கும் சில மாதங்கள்தான் அஸ்திவார வேலைக்கு வாய்த்தன. கோடை முற்றினால் காய்ச்சல் தலைதூக்கும். ஆற்றைத் தடுத்து நிறுத்தத் தற்காலிகக் கரை போடுவார்கள். எதிர்பாராத வெள்ளம் ஒன்று வந்து ஒரே இரவில் அதை வாரிக்கொண்டு போகும். ஒரு முறையல்ல, பல முறை இப்படி நடந்தது. ஒவ்வொரு முறையும் தண்ணீர் வடிந்ததும் அதே இடத்தில், அதே அளவில் மறுபடி தொடங்கினார்கள்.

வேறு இடத்துக்குப் போகலாம், சிறிதாகக் கட்டலாம், இப்போதைக்கு நிறுத்தி வைக்கலாம் என்றெல்லாம் மனம் அலையக்கூடிய நேரம் அது. பென்னிகுக்குக்கு வேறு பொறுப்புகள் இல்லாமலும் இல்லை. அணை எழுந்துகொண்டிருந்த ஆண்டுகளில் பொதுப்பணி இலாகாவின் உயர்ந்த பதவிகள் அவர் தோளில் ஏறின. 1893ல் சென்னைச் சட்டசபை உறுப்பினராகவும் ஆனார். மாகாணம் முழுவதிலிருந்தும் அவர் மேஜைக்குக் காகிதம் வந்திருக்கும். அவற்றை அவர் தட்டிக் கழித்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவற்றுக்காகப் பெரியாறும் நின்றுவிடவில்லை. காட்டில் அன்றாடம் நின்று வேலை வாங்கத் தகுந்த இஞ்சினீயர்கள் அவருக்குக் கீழே இருந்தார்கள். அவர்களுள் மெக்கன்ஸி என்பவர் இந்த வேலையின் வரலாற்றையே 1899ல் ஒரு நூலாக எழுதி வைத்தார். எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுக்கொள்பவரின் மனம்தான் முதலில் சிதறும் என்பது நாம் கடைகளிலும் வீடுகளிலும் பார்க்கிற சங்கதி. நமது ஜமாஅத் நிர்வாகங்களிலும் இதைப் பார்க்கிறோம். அதைப் பற்றி இங்கே விரிக்க வேண்டாம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெள்ளத்தில் கட்டடம் போன பிறகு அரசாங்கம் கையை விரித்துவிட்டது என்றும், பென்னிகுக் இங்கிலாந்து போய்ச் சொத்தையும் மனைவியின் நகையையும் விற்று வந்து அணையை முடித்தார் என்றும் ஒரு கதை பள்ளத்தாக்கு எங்கும் வழங்குகிறது. நன்றியால் பிறந்த கதை. ஆனால் அணை அரசாங்கப் பணத்தில் கட்டப்பட்டது. ஒருவர் மீது எவ்வளவு அன்பிருந்தாலும், கேட்டதையெல்லாம் உண்மையென்று பரப்புவது நமக்கு ஆகாது. அந்தக் கதை இல்லாததால் அவர் பெருமை குறையவும் இல்லை. நகையை விற்பது ஒரு நாள் வேலை. வெள்ளம் வாரிப்போன அதே இடத்துக்கு ஆண்டுதோறும் திரும்பி வருவதல்லவா கடினம்!

1895 அக்டோபர் 10ஆம் நாள் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். அடித்தளத்திலிருந்து 176 அடி உயரம், 1,200 அடி நீளம். ஒரு மைலுக்கு மேல் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே, கடலுக்குப் போன தண்ணீர் கிழக்கே இறங்கி வைரவனாற்றிலும் சுருளியாற்றிலும் சேர்ந்து வைகைக்கு வந்தது. மதுரை, மேலூர்ப் பக்கத்துப் புன்செய்கள் நன்செய் ஆயின. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. பருவம் தவறாத ஆண்டுகளில் ஜூன் முதல் தேதி தண்ணீர் திறப்பதை, மகளுக்கு நிக்காஹ் தேதி குறித்தவர் போல எதிர்பார்த்திருக்கும் விவசாயிகள் அங்கே உண்டு.

வேலை முடிந்ததும் பென்னிகுக் தாயகம் திரும்பி, இந்தியாவுக்கு இஞ்சினீயர்களைத் தயாரித்த கூப்பர்ஸ் ஹில் கல்லூரியின் தலைவராக 1899 வரை இருந்தார். பெரியாற்றைத் திருப்பியதைப் பற்றி லண்டன் இஞ்சினீயர்கள் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தார். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்துக்கு வழி சொல்லவும் அவரை அழைத்தார்கள். 1911 மார்ச் 9ஆம் நாள் காம்பர்லியில் காலமானார். அடக்கம் செய்தது அருகிலுள்ள ஃபிரிம்லி ஊரின் தேவாலயத்தில். கூடலூரை அடுத்த லோயர் கேம்பில் 2013ல் அவருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். அவர் பிறந்த ஜனவரி 15 தைப்பொங்கலை ஒட்டி வருவதால், தேனிப் பக்கத்துக் கிராமங்களில் அன்றைக்கு அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை இட்டு அழைக்கும் குடும்பங்களும் அங்கே இருக்கின்றன.