சுவான் கண்ட கலம்

தியடோர் சுவான் என்னும் பெயர் நம் விலங்கியல் மாணவர்க்குப் புதியதன்று. நரம்பின் படத்தை வரைந்து, அதனைச் சூழ்ந்துள்ள கலங்களுக்குச் சுவான் கலங்கள் என்று பெயர் குறித்துவிட்டு அவர்கள் அடுத்த படத்துக்குப் போய்விடுவர். அப்பெயருக்குரியவர் யாரென்று என்னிடம் கேட்டோர் மிகச் சிலரே. அவர் வாழ்வைப் படிக்குந்தோறும் எனக்கு வியப்பு மிகுகின்றது. கலம் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிவாழ்வு உடையது என உலகுக்கு உணர்த்தியவர் அவர். அவர் பெயரைத் தாங்கி நிற்கும் கலமோ அயலாரின் ஏவலின்றித் தன் பெருந்தொழிலைத் தொடங்க மாட்டாதது.

இன்றைய ஜேர்மனியில், ரைன் நதியை அடுத்த நொய்ஸ் என்னும் ஊரில், 1810 ஆம் ஆண்டு டிசம்பர் 7 ஆம் நாள் சுவான் பிறந்தார். தந்தையார் பொற்கொல்லர், பின்னர் அச்சுக்கூடம் நடத்தியவர். கொலோன் நகரிற் பள்ளிக் கல்வியை முடித்த இளைஞர் சமயக் கல்வியை விடுத்து மருத்துவத்தை நாடினார். 1834 இல் பேர்லினிற் பட்டம் பெற்று, உடற்றொழிலியற் பேராசான் யொகானஸ் முல்லரின் உதவியாளரானார். அடுத்த ஐந்தாண்டுகளில் அவர் செய்தவற்றை நோக்கின், ஓர் ஆயுட்காலத்துக்கு அதுவே போதும் என்று தோன்றும். 1836 இல் இரைப்பையில் ஊனைக் கரைக்கும் பெப்சினைக் கண்டறிந்தார். 1837 இல், வெல்லத்தை மதுவாக்குவது உயிருள்ள மதுவமே என்று நிறுவினார்.

ஒருநாள் அவர் தாவரவியலறிஞர் ஷ்லைடனோடு உணவருந்திக் கொண்டிருந்தார். பேச்சு தாவரக் கலங்களின் கருவைப் பற்றிச் சென்றது. முதுகுநாணின் கலங்களிலும் அத்தகைய கருவைத் தாம் கண்டமை சுவானுக்கு நினைவு வந்தது. இருவரும் உடனே ஆய்வுகூடத்துக்குச் சென்று நுணுக்குக்காட்டியிற் பார்த்தனர். தாவரமும் விலங்கும் ஒரே வகையான சிற்றறைகளால் ஆனவை என்ற பேருண்மை அங்கே உருப்பெற்றது. 1839 இல் அது நூலாக வெளிவந்தது.

அந்நூலில் நரம்பைப் பற்றிய பகுதியே என்னை நெடுநேரம் நிறுத்துவது. கருவிலுள்ள இளம் விலங்குகளின் நரம்புகளை ஆராய்ந்த சுவான், நார்களை ஒட்டி வரிசையாய்க் கருக்கள் அமைந்திருக்கக் கண்டார். கலங்கள் பல சங்கிலிபோற் சேர்ந்து உருகி ஒன்றாகியே நரம்பு நார் உண்டாகின்றது என்று முடிவு செய்தார். வெண்ணிறக் கொழுப்புறையும் அக்கலங்களுக்குள்ளே படிந்ததே என்பது அவர் கருத்து. கண்டவை மெய், கொண்ட முடிவு பொய்த்தது. நாரும் உறையும் வெவ்வேறு கலங்களுக்கு உரியவை. எனினும் அந்நூலிலேயே அவர் ஓர் உவமை சொல்கின்றார். உடலினின்று பிரித்தெடுத்த கலம் வாழாதொழிவதால் அதற்குத் தனிவாழ்வு இல்லையென ஆகாது. கூட்டத்தைப் பிரிந்த தேனீயும் நெடுநாள் வாழ்வதில்லை அன்றோ என்பது அவர் வாதம். தனிமையை நாட்டவந்த உவமையிற் சார்பும் புகுந்துவிட்டதை அவர் உணர்ந்தாரோ என்று நான் எண்ணுவதுண்டு.

அவருக்குக் கிடைத்த பரிசு ஏளனமே. 1839 இல் வேதியியலறிஞர் லீபிக்கின் இதழிற் பெயரின்றி ஒரு நையாண்டிக் கட்டுரை வந்தது. மதுவம் என்பது வாலைக்கலம் போன்ற உருவுடைய சிறு பிராணி. வெல்லத்தைத் தின்று மதுவைக் கழிக்கின்றது எனச் சித்திரித்து, உயிர்க்கொள்கையை அது நகையாடிற்று. இத்தகைய நகைப்பு ஆய்வாளனின் உள்ளத்தை எவ்வாறு சுடும் என்பதை ஆசிரியத் தொழிலில் இருப்போர் அறிவர். பொன் பல்கலைக்கழகத்திலும் அவருக்குப் பதவி கிட்டவில்லை. அவ்வாண்டே அவர் பெல்ஜியத்தின் லுவேன் நகருக்குப் பேராசிரியராகச் சென்றார். 1848 இல் லியேஜுக்கு மாறினார். சமிபாட்டுக்குப் பித்தம் இன்றியமையாதது என்பதை 1844 இற் காட்டியதைத் தவிர, பேர்லினில் எரிந்த தீ மீண்டும் அவ்வாறு மூளவில்லை. மதுவத்தைப் பற்றி அவர் கூறியது மெய்யென்பதை 1857 முதல் வந்த பாஸ்டரின் ஆய்வுகள் உறுதி செய்தன. 1878 இல் லியேஜில் அவருக்கு விழா எடுத்தபோது, 260 க்கு மேற்பட்ட அறிஞர்கள் கையொப்பமிட்ட தம் நிழற்படங்களை அளித்தனர். மணம் புரியாது வாழ்ந்த சுவான் 1882 ஜனவரி 11 ஆம் நாள் கொலோனிற் காலமானார்.

அவர் கலத்தின் வரலாறு அதன் பின்னரே விளங்கிற்று. 1907 இல் அமெரிக்கரான ஹரிசன், தவளையின் இளமுளையத்து நரம்புத் துண்டைக் கண்ணாடியில் வளர்த்து, நார் நரம்புக்கலத்திலிருந்தே நீண்டு வளர்வதைக் கண்ணாரக் கண்டார். 1854 இல் வீர்ச்சோ மயலின் என்று பெயரிட்ட வெள்ளுறை எவ்வாறு தோன்றுகின்றது என்பதை, சரியாக நூறாண்டு கழித்து, இலத்திரன் நுணுக்குக்காட்டி விளக்கிற்று. சுவான் கலம் நாரைப் பாய்சுருட்டுவதுபோலத் தன் மென்சவ்வாற் பலமுறை சுற்றுகின்றது. இவ்வுறையில்லாத மெல்லிய நாரிற் செய்தி செக்கனுக்கு ஒரு மீற்றரளவே செல்லும். தடித்த உறையுள்ள நாரில் நூறு மீற்றரும் செல்லும்.

எதனைச் சுற்றுவது, எதனை விடுவது என்று தீர்ப்பது யார்? 1976 இல் மொன்றியலில் அகுவாயோவும் துணைவரும் உறையற்ற நரம்பொன்றின் துண்டை உறையுள்ள நரம்பில் ஒட்டினர். அதுவரை உறையொன்றும் செய்யாதிருந்த சுவான் கலங்கள் புதிய நார்கள் வந்ததும் உறை சுற்றத் தொடங்கின. ஆணை நாரினதே. அவ்வாணையின் பெயர் நியூரெகுலின். நாரின் மேற்பரப்பில் நிற்கும் இப்புரதத்தைச் சுவான் கலத்தின் ஏற்பிகள் பற்றிக்கொள்ளுகின்றன. அச்செய்தி கலத்தின் உள்ளே கைமாறிக் கைமாறிக் கருவை அடைந்து, உறைக்குரிய பரம்பரையலகுகளை எழுப்புகின்றது. குரொக்ஸ்-20 என்னும் புரதம் அங்கே தலைமை தாங்குகின்றது. அது இல்லாத சுண்டெலியில், சுவான் கலம் நாரை அணைத்தவாறே மேற்கொண்டு சுற்றாது நின்றுவிடும். நியூரெகுலின் குறைந்தால் உறை மெலியும், மிகுந்தால் தடிக்கும் என்பது 2004 இல் தெரியவந்தது. இச்செய்தி கிட்டாவிடின் முளையத்தின் இளஞ்சுவான் கலங்கள் மடிந்தும்போகும். சுவானின் தேனீயை நான் நினைத்துக்கொள்வது இவ்விடத்திலேதான்.

இவ்வுரையாடல் குழம்பினால் வரும் துன்பம் சிறிதன்று. சார்க்கோ, மரி, தூத் என்னும் மூவர் 1886 இல் விவரித்த பரம்பரை நோயிற் பாதமும் கையும் மெல்ல மெல்ல வலுவிழக்கும். அதன் மிகுதியான வகைக்கு, உறையின் புரதமொன்றுக்குரிய அலகு இரட்டித்திருத்தலே காரணம் என்பது 1991 இல் வெளிப்பட்டது. அந்நோயுள்ள எலிக்குஞ்சுகளுக்கு நியூரெகுலினைப் புறத்தேயிருந்து ஊட்டியபோது அவற்றின் நார்கள் பிழைத்து, வளர்ந்த பின்னும் நிலைத்தன. 2014 இல் அம்முடிவு வெளியாயிற்று. இளமையிலே கொடுத்ததே பயன் தந்தது.