லூயி பாஸ்டரும் விராலிமலை வைக்கோலும்

திருச்சியிலிருந்து மதுரைக்குச் செல்வோர் வழியில் விராலிமலையைக் காணாதிரார். மயில்கள் உலவும் அக்குன்றின்மீது சண்முகநாதர் எழுந்தருளியிருக்கிறார். சுற்றிலும் மழையையும் குளங்களையும் நம்பிய நிலங்கள். அறுவடை முடிந்தபின் அங்கே வைக்கோலும், கடலைத் தோலும், சோளத் தட்டையும் எஞ்சுகின்றன. இத்தகைய பொருள்களிலிருந்து மோட்டார் வண்டிகளுக்கு எரிசாராயம் வடிக்கலாம் என்பது இன்று கண்கூடு. இவ்வித்தைக்கு மூலவழி திறந்த மகானின் சரித்திரத்தை நம்மவர் அறிய வேண்டுவது அவசியமாகும்.

லூயி பாஸ்டர் 1822-ம் வருஷம் டிசம்பர் 27-ந் தேதி பிரான்ஸ் தேசத்து டோல் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் நெப்போலியன் சைன்யத்தில் ஊழியம் புரிந்து, பின்னர் தோல் பதனிட்டு ஜீவித்தவர். ரசாயனத்தில் தேர்ச்சியடைந்த பாஸ்டர், 1854-ல் லீல் நகரத்து விஞ்ஞானக் கலாசாலையின் தலைவரானார். பீட் கிழங்கிலிருந்து சாராயம் வடிப்பது அந்நகரத்தின் பெருந்தொழில். 1856-ல் பீகோ என்னும் ஆலை முதலாளியின் தொட்டிகள் புளித்துக் கெட்டன. அவருடைய புதல்வன் பாஸ்டரின் மாணாக்கன். உதவி நாடி வந்தவரை, இது பண்டிதர் வேலையன்று என்று பாஸ்டர் திருப்பியனுப்பவில்லை. தாமே ஆலைக்குச் சென்று, நுரைத்த ரசத்தை எடுத்து வந்து பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார்.

நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட் அணுக்களையும், கெட்ட தொட்டியில் வேறு வடிவங்களையும் கண்டார். நொதித்தல் என்பது உயிர்களின் தொழில். ஒன்று சாராயத்தை உண்டாக்கினால், மற்றொன்று புளிப்பை உண்டாக்கும் என்ற முடிவுக்கு வந்தார். அது வெறும் ரசாயன அழிவே என்று ஜெர்மனியின் லீபிக் போன்ற பேரறிஞர் சாதித்துவந்த காலம் அது. பாஸ்டர் அஞ்சவில்லை, 1857-லும் 1860-லும் தம் ஆராய்ச்சிகளை வெளியிட்டார்.

1868-ல் பாரிச வாயு அவருடைய இடப்பக்கத்தைத் தாக்கியது. ஆயினும் உழைப்பு நிற்கவில்லை. 1870-ல் மூண்ட யுத்தத்தில் தாய்நாடு தோற்றபோது, பான் நகரச் சர்வகலாசாலை தமக்களித்த பட்டத்தைத் திருப்பியனுப்பினார். ஜெர்மானியருக்குப் பிரெஞ்சுத் தொழில் பின்வாங்கலாகாதென்று, பீரின் நொதித்தலை ஆராய்ந்து 1876-ல் நூல் வெளியிட்டார். தேசபக்தி என்பது மேடைப் பேச்சு மட்டுமா? வெறிநாய்க்கடிக்கு 1885-ல் அவர் கண்ட சிகிச்சை உலகறிந்தது. 1907-ல் குன்னூரில் திறக்கப்பட்ட ஸ்தாபனம் அவர் பெயரைத் தாங்கியதே. 1895 செப்டம்பர் 28-ல் அவர் காலமானார்.

அவரிடமும் பிழையுண்டு. உயிருள்ள ஈஸ்டு இன்றி நொதித்தல் இல்லை என்றார்; அணுக்களைப் பிழிந்தெடுத்த சாறே சர்க்கரையைச் சாராயமாக்கும் என்று 1897-ல் பூக்னர் நிரூபித்தார். வைக்கோலுக்குத் துணைநிற்பது இவ்விருவரின் அறிவும் சேர்ந்ததே. வைக்கோலின் சர்க்கரை செல்லுலோஸ் என்னும் நாரில் கட்டுண்டு கிடக்கிறது. அதை ஈஸ்ட் தீண்டாது. பூஞ்சணங்கள் சுரக்கும் நொதிப்பொருள்கள் முதலில் அந்நாரைச் சர்க்கரையாக உடைக்க வேண்டும். அதன்பின்பே ஈஸ்டுக்கு வேலை. வருஷத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எரிசாராயம் எடுக்கும் நோக்கத்துடன், 2022-ல் பானிப்பட்டில் ஓர் ஆலை திறக்கப்பட்டது.

விராலிமலையிலும் அவ்வாறே செய்யலாமா? ஒன்றை மறத்தலாகாது. வடநாட்டு வயல்களில் தீயிடப்படும் வைக்கோல் நம் குடியானவனுக்குக் கழிவன்று. அவன் மாட்டின் உணவு. மாட்டின் வாயைக் கட்டி வண்டியை ஓட்டுவது நியாயமாகாது. மாட்டுக்குப் போக மிஞ்சுவதே ஆலைக்கு உரியது. அதற்குரிய விலையும் உழுதவன் கைக்கே சேர வேண்டும். எவ்வளவு மிஞ்சும், எது மிஞ்சும் என்பதைப் பட்டணத்து மேஜையிலிருந்து அறிய முடியாது. பீகோவின் தொட்டியண்டை பாஸ்டர் சென்று நின்றதுபோல, நம் விஞ்ஞானிகளும் வைக்கோற் போரண்டை சென்று நிற்பார்களாக! அதுவே அம் மகானுக்கு நாம் செய்யத்தக்க மரியாதை.