வேக மன்னன் ஹோவர்ட் ஹியூஸ்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்டதும் எடிசனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மனசு ஹோவர்ட் ஹியூஸிடமே போய் நின்றது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

1905-ல் பிறந்த அமெரிக்கர். அப்பா, எண்ணெய்க் கிணறு தோண்டும் டிரில் பிட் செய்து ஹூஸ்டனில் கம்பெனி நடத்தியவர். அம்மாவுக்கு, மகனுக்கு ஏதாவது நோய் தொற்றிவிடுமோ என்று ஓயாத பயம். பதினெட்டு வயதில், அதாவது நம் வயதில், இருவருமே இல்லாதவராகக் கம்பெனிக்கு வாரிசாகிவிட்டார்.

மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்க: அவருடைய எச்-1 விமானத்தில் ரிவெட் தலைகள் வெளியே துருத்தாது. தகட்டோடு சமமாக இருக்கும், காற்று வழுக்கிக்கொண்டு போகும். 1935-ல் அதைத் தானே ஓட்டி மணிக்கு 567 கி.மீ. வேகத்தில் உலக சாதனை! 1938-ல் நான்கு பேரோடு 91 மணி நேரத்தில் உலகைச் சுற்றி வந்தார். 1947-ல், 97 மீட்டர் இறக்கை அகலமுள்ள மர விமானத்தைக் கடலிலிருந்து கிளப்பி ஒரு மைல் போலப் பறக்கவிட்டார்.

இத்தனை தைரியசாலிக்குக் கிருமி என்றால் நடுக்கம். வேலையாட்கள் எதையும் வெறுங்கையால் தொட்டுத் தரக்கூடாது, காகிதக் கைக்குட்டை சுற்றித்தான் தரவேண்டும். பழ டின் ஒன்றைத் திறக்க, லேபிளை உரிப்பதில் தொடங்கி, பிரஷ் போட்டுத் தேய்ப்பது, கை கழுவுவது என்று படிப்படியாக உத்தரவே எழுதிக் கொடுத்தார். நம்ம ஒர்க்‌ஷாப் ரெக்கார்டு தோற்றுப்போகும்! 1946-ல் சோதனை விமானம் விழுந்து பிழைத்த பிறகு வலி மருந்துக்கும் அடிமையானார்.

வேலையாட்களும் அப்படியே செய்தார்கள். சம்பளம் வாங்குகிறவர் முதலாளியை மறுத்துப் பேசுவாரா? அங்கேதான் வினை. ஒவ்வொரு தடவை கைக்குட்டை சுற்றும்போதும் அந்த நிமிஷத்துக்குப் பயம் அடங்கும், மறுநாள் இன்னும் பெரிதாக வரும்.

1966-ல் அவர் லாஸ் வேகாஸ் ஹோட்டல் ஒன்றின் மேல்மாடிக்குப் போய் ஜன்னலை மூடிக்கொண்டார். அதே 1966-ல்தான் லண்டன் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியின் விக்டர் மேயர், இரண்டு நோயாளிகளுக்குக் கொடுத்த புது வைத்தியத்தைப் பற்றி எழுதினார். அஞ்சுகிற பொருளைத் தொட வைப்பது, பிறகு கழுவ விடாமல் நர்ஸுகள் கூடவே இருப்பது. பயம் உச்சிக்குப் போய், கழுவாமலேயே இறங்கும். இன்றைக்கும் எண்ண சுழற்சி நோய்க்கு முதல் வைத்தியங்களில் ஒன்று அதுதான். ஹியூஸுக்கு அது கிடைக்கவே இல்லை. குளோமிப்ரமின் மாத்திரையை இந்த நோய்க்கென்று அமெரிக்க அரசு அனுமதித்தது 1989-ல். அவரோ 1976 ஏப்ரல் 5 அன்று, ஹூஸ்டன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், விமானத்திலேயே இறந்துவிட்டார். ஆறடிக்கு மேல் உயரம், எடை நாற்பது கிலோ சொச்சம். ஆள் அவர்தானா என்று கைரேகை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

இப்போது காரணம். முதல் வருஷம், லேத் சுவிட்சை அணைத்தேனா என்று பாதி வழியில் இறங்கித் திரும்பி ஓடி வந்தது நான்தான். வீட்டுப் பூட்டையும் விடமாட்டேன். பூட்டியாச்சா என்று இருபது தடவை கேட்பேன், பூட்டியாச்சு சாமி என்று அம்மா இருபது தடவையும் சொல்லும். மந்திரித்துக் கயிறுகூடக் கட்டினார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டியது நான் ஒருத்தன்தான், படித்துப் படித்துத்தான் மூளை குழம்பிவிட்டது என்று அப்பா நம்பினார்.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனோம். மாத்திரை தந்தார்கள். ஒரு தடவை பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்கச் சொன்னார்கள். அம்மாவிடம், இவன் கேட்டால் இனிமேல் பதில் சொல்லாதீங்க என்றார்கள். அதுதான் அம்மாவுக்கு ரொம்பக் கஷ்டம். முதல் வாரம் நான் கேட்கக் கேட்க, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடும். இரண்டாவது மாசம் என் கேள்வி மூன்று தடவைக்குக் குறைந்தது. முழுசாகப் போய்விடவில்லை.

நம்மில் வேறு யாருக்காவது இப்படி இருந்தால் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு, பி பிரிவுக்கு வாருங்கள். எந்தக் கிழமை, எந்த அறை, எத்தனை மணிக்குச் சீட்டுப் போடணும் என்று சொல்கிறேன். தேவைப்பட்டால் கூடவும் வருகிறேன்.