எம். வி. கோபாலசாமி

எம். வி. கோபாலசாமி (1896 - 1957) இந்திய உளவியலாளரும் கல்வியாளரும் ஆவார். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் 1924 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட உளவியல் துறையை உருவாக்கி வளர்த்தவர். கொல்கத்தாவுக்கு அடுத்து இந்தியாவில் அமைந்த இரண்டாவது பல்கலைக்கழக உளவியல் துறை இதுவாகும். 1935 இல் மைசூரில் ஆகாசவாணி என்னும் பெயரில் தனியார் வானொலி நிலையம் ஒன்றைத் தொடங்கியவரும் இவரே. பொதுமக்களிடையே வானொலி முன்னோடியாகவே பெரிதும் அறியப்படுகிறார். எனினும், உளவியலை ஆய்வுக்கூடத்தில் செய்து கற்கும் பாடமாகத் தென்னிந்தியாவில் நிலைபெறச் செய்ததே இவருடைய முதன்மையான பணியாகும்.

பின்னணி

செருமனியின் லைப்சிக் நகரில் வில்லெம் வுண்ட் 1879 இல் உளவியல் ஆய்வுக்கூடம் நிறுவிய பின்னர், உளவியல் மெய்யியலிலிருந்து பிரிந்து தனி அறிவியலாக வளரத் தொடங்கியது. இந்தியாவில் இம்மாற்றம் சற்றுக் காலந்தாழ்ந்தே வந்தது. கல்லூரிகளில் உளவியல் மெய்யியல் பாடத்தின் ஒரு பகுதியாக மட்டும் கற்பிக்கப்பட்டது. மாணவர்கள் நூல்களைப் படித்தனர். சோதனை எதையும் செய்து பார்க்கவில்லை.

கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சோதனை உளவியலுக்கான பாடத்திட்டத்தை 1905 இல் வகுத்தவர் மெய்யியலாளர் பிரஜேந்திரநாத் சீல். அங்கு 1916 இல் தனித்துறை தொடங்கியது. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தா அதன் தலைவரானார். பின்னர் 1920களில் சீல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பணியாற்றினார். அவருடைய பதவிக் காலத்திலேயே மைசூரிலும் உளவியல் துறை தோன்றியது. ஆகவே இந்தியாவின் முதல் இரண்டு உளவியல் துறைகளின் தோற்றத்திலும் சீலுக்குத் தொடர்பு உண்டு.

இலண்டன் ஆய்வுகள்

கோபாலசாமி இலண்டனில் சார்லசு இசுபியர்மனிடம் பயிற்சி பெற்றார். இசுபியர்மன் 1904 இல் வெளியிட்ட நுண்ணறிவுக் கோட்பாடு அப்போது பெரும் விவாதத்துக்கு உள்ளாகியிருந்தது. ஒரு பாடத்தில் நன்கு செயல்படும் மாணவர் பிற பாடங்களிலும் ஓரளவு நன்கு செயல்படுவதை அவர் ஒட்டுறவுக் கணக்கீட்டின் மூலம் காட்டினார். எல்லா அறிவுச் செயல்களுக்கும் பின்னால் ஒரு பொதுக் காரணியும், ஒவ்வொரு செயலுக்கும் உரிய தனிக் காரணியும் இருப்பதாக இதனை விளக்கினார்.

இந்தப் பொதுக் காரணி கைத்திறன் கற்பதிலும் பங்கு கொள்கிறதா என்னும் வினா கோபாலசாமியின் ஆய்வுடன் தொடர்புடையது. இயக்கக் கற்றலில் நுண்ணறிவின் இடம் குறித்த அவருடைய கட்டுரை 1924 இல் பிரித்தானிய உளவியல் ஆய்விதழில் வெளிவந்தது. இயக்கக் கற்றலில் சிக்கனம் பற்றிய மற்றொரு கட்டுரையும் அதனைத் தொடர்ந்து அதே இதழில் வெளிவந்தது.

இத்தகைய ஆய்வுகளுக்குப் பயன்படும் கருவிகளுள் கண்ணாடி வரைதல் கருவி எளியது. தாளில் அச்சிட்ட விண்மீன் வடிவத்தின் மீது கோடு வரைய வேண்டும். ஆனால் தாளும் கையும் நேரடியாகத் தெரியாதபடி மறைக்கப்பட்டிருக்கும். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே வரைய வேண்டும். கண் ஒரு திசையைக் காட்டக் கை மறுதிசையில் செல்லும். முதல் முயற்சியில் பிழைகள் மிகும். பயிற்சியில் நேரமும் பிழையும் குறையும். வலக் கையால் பழகியவர் இடக் கையால் வரையும்போதும் முன்னேற்றம் தென்படும். இது கற்றல் இடமாற்றம் எனப்படும்.

பின்னாளில் இச்சோதனை மூளை ஆய்விலும் சிறப்பிடம் பெற்றது. 1953 இல் மூளை அறுவை மருத்துவத்துக்குப் பின் புதிய நினைவுகளைச் சேமிக்கும் ஆற்றலை இழந்த எச். எம். என்னும் அமெரிக்க நோயாளியைப் பிரெண்டா மில்னர் இச்சோதனையால் ஆராய்ந்தார். நாள்தோறும் அவர் வரைவதில் முன்னேறினார். ஆனால் முன்பு வரைந்ததாக அவருக்கு நினைவில்லை. கைத்திறனுக்கான நினைவும் நிகழ்ச்சிகளுக்கான நினைவும் வேறுவேறு மூளை அமைப்புகளைச் சார்ந்தவை என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று. உயிரியல் உளவியலும் அறிதல்சார் உளவியலும் சந்திக்கும் இடமாக இன்றைய பாடநூல்கள் இதனை எடுத்துக்காட்டுகின்றன.

மைசூர் உளவியல் துறை

மைசூர் மகாராஜா கல்லூரியில் கோபாலசாமி உளவியலைச் சோதனைகளுடன் கற்பிக்கும் துறையை அமைத்தார். பிற்காலத்தில் அக்கல்லூரியின் முதல்வராகவும் பணியாற்றினார். அவருடைய துறைப் பணிகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, மேனாட்டு நுண்ணறிவுச் சோதனைகளை இந்தியச் சூழலுக்கு ஏற்ப மாற்றியமைத்தது. ஒரு சோதனையின் வினாக்களை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. இலண்டன் குழந்தை அன்றாடம் காணும் பொருளை மைசூர்க் குழந்தை கண்டிராமல் இருக்கலாம். அதன் படத்தை அடையாளம் காணாத குழந்தையை அறிவு குறைந்ததாகக் கணிப்பது தவறாகும். எந்த வயதில் எத்தனை வினாக்களுக்கு விடையளிப்பது இயல்பு என்னும் அளவீட்டையும் உள்ளூர்க் குழந்தைகளைச் சோதித்தே பெற வேண்டும். பள்ளியில் ஒரு குழந்தையின் இடத்தையே இத்தகைய சோதனைகள் முடிவு செய்யக்கூடும் என்பதால் இது வெறும் ஏட்டுச் சிக்கல் அன்று.

இரண்டாவது, விலங்கு ஆய்வுக்கூடம். இந்திய உளவியல் துறைகளில் அமைந்த முதல் விலங்கு ஆய்வுக்கூடமாக இது உளவியல் வரலாற்று நூல்களில் குறிப்பிடப்படுகிறது. கற்றல், பழக்கம் ஆகியவற்றின் அடிப்படைகளை மொழியின் குறுக்கீடு இன்றி ஆராய விலங்கு ஆய்வுகள் உதவின. இன்று உயிரியல் உளவியல் என்று கற்பிக்கப்படும் பகுதியின் ஒரு வேர் இத்தகைய ஆய்வுகளில் உள்ளது.

ஆகாசவாணி

1935 செப்டம்பர் 10 அன்று கோபாலசாமி மைசூரில் தம் இல்லத்தில் 30 வாட்டுத் திறன் கொண்ட ஒலிபரப்பியுடன் வானொலி நிலையத்தைத் தொடங்கினார். கன்னடக் கவிஞர் குவெம்பு தொடக்க ஒலிபரப்பில் பங்கேற்றார். உரைகளும் இசையும் ஒலிபரப்பப்பட்டன. இந்திய அரசின் ஒலிபரப்புச் சேவைக்கு அனைத்திந்திய வானொலி என்னும் பெயர் 1936 சூனில்தான் சூட்டப்பட்டது என்பது ஒப்பிடத்தக்கது.

சில ஆண்டுகள் பெரும்பாலும் சொந்தச் செலவிலேயே நிலையத்தை நடத்தினார். 1940களின் தொடக்கத்தில் மைசூர் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. நிலையம் 1955 இல் பெங்களூருக்கு மாற்றப்பட்டது. ஆகாசவாணி என்னும் பெயரை அனைத்திந்திய வானொலி 1950களில் தன் பெயராக ஏற்றது.

ஒசூர், கிருட்டிணகிரிப் பகுதி

கோபாலசாமியின் காலத்தில் ஒசூரும் கிருட்டிணகிரியும் சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டத்தில், மைசூர் அரசின் எல்லையை ஒட்டி அமைந்திருந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. டி. போவாசு தலைமையில் உளவியல் துறை 1943 இல்தான் தோன்றியது. அதுவரை இப்பகுதி மாணவர்களுக்கு மிக அருகிலிருந்த பல்கலைக்கழக உளவியல் துறை எல்லைக்கு அப்பால் மைசூரில் இருந்தது.

இன்று நிலைமை மாறியுள்ளது. கிருட்டிணகிரி மாவட்டம் சேலத்தில் உள்ள பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் அடங்குகிறது. அப்பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை உண்டு. பெங்களூரில் ஒசூர்ச் சாலையிலேயே தேசிய மனநல, நரம்பியல் கழகம் (நிம்கான்சு) அமைந்துள்ளது. 1954 இல் தொடங்கிய அனைத்திந்திய மனநலக் கழகமும் அங்கிருந்த மனநல மருத்துவமனையும் 1974 இல் இணைந்து இக்கழகம் உருவானது. அனைத்திந்திய மனநலக் கழகத்தின் முதல் இயக்குநர் மனநல மருத்துவர் எம். வி. கோவிந்தசாமி ஆவார். பெயர் ஒற்றுமையால் இருவரையும் ஒருவராகக் கருதுவது தவறு.

மதிப்பீடு

இந்திய உளவியலின் முதல் தலைமுறையினர் மேனாட்டுக் கோட்பாடுகளையும் கருவிகளையும் பெரிதும் சார்ந்திருந்தனர் என்னும் திறனாய்வு பின்னர் எழுந்தது. நுண்ணறிவை ஒரே பொதுக் காரணியால் விளக்கலாமா என்னும் விவாதமும் முடியவில்லை. இத்திறனாய்வுகள் கோபாலசாமியின் பணிக்கும் பொருந்தும். எனினும் சோதனையைப் பயன்படுத்தும் மண்ணுக்கேற்ப மாற்ற வேண்டும் என்பதை அவருடைய பணி முன்னரே உணர்த்தியது. பின்னாளில் மைசூரில் உளவியல் பேராசிரியராக இருந்த பி. குப்புசாமியின் பெயரால் வழங்கும் சமூகப் பொருளாதார நிலை அளவுகோல் (1976) இந்தியக் குடும்பங்களின் கல்வி, தொழில், வருவாய் ஆகியவற்றையே அடிப்படையாகக் கொண்டது. விலைவாசிக்கு ஏற்ப வருவாய் அளவு திருத்தப்பட்டு, மருத்துவ ஆய்வுகளில் அது இன்றும் பயன்படுகிறது.