சி. எஸ். லூயிஸ்

கிளைவ் ஸ்டேபிள்ஸ் லூயிஸ் (நவம்பர் 29, 1898 - நவம்பர் 22, 1963) அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்த எழுத்தாளரும் இலக்கிய அறிஞரும் ஆவார். ஏழு நூல்களைக் கொண்ட நார்னியா என்னும் சிறுவர் கற்பனைப் புதினத் தொடரால் உலகெங்கும் அறியப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

இவரது தந்தை ஆல்பர்ட் லூயிஸ் ஒரு வழக்கறிஞர். தாய் ஃப்ளோரா 1908இல் புற்றுநோயால் இறந்தபோது லூயிசுக்கு வயது ஒன்பது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் உள்ள உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். முதலாம் உலகப் போரில் பிரான்சில் போரிட்டு 1918இல் காயமடைந்தார். 1925 முதல் 1954 வரை ஆக்ஸ்ஃபோர்டு மாக்டலன் கல்லூரியில் பணியாற்றினார். பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் இவரது நெருங்கிய நண்பர். 1956இல் ஜாய் டேவிட்மன் என்ற அமெரிக்க எழுத்தாளரை மணந்தார். ஜாய் 1960இல் காலமானார்.

நார்னியா நூல்கள்

நூல்கள் ஆண்டுக்கு ஒன்றாக வெளிவந்தன. பவுலின் பெயின்ஸ் அனைத்துக்கும் படம் வரைந்தார்.

1. சிங்கமும் சூனியக்காரியும் அலமாரியும் (1950)
2. இளவரசன் காஸ்பியன் (1951)
3. டான் டிரெடரின் கடற்பயணம் (1952)
4. வெள்ளி நாற்காலி (1953)
5. குதிரையும் அதன் சிறுவனும் (1954)
6. மந்திரவாதியின் மருமகன் (1955)
7. இறுதிப் போர் (1956)

இறுதி நூல் கார்னகி பதக்கம் பெற்றது.

படிக்கும் வரிசை

நூல்கள் வெளியான வரிசையும் கதை நிகழும் கால வரிசையும் வேறுபடுகின்றன. ஆறாவதாக வெளியான நூல் நார்னியா தோன்றிய கதையைக் கூறுவதால் கால வரிசையில் முதலாவதாகிறது. ஐந்தாம் நூலின் நிகழ்வுகள் முதல் நூலின் முடிவுப் பகுதிக் காலத்தில் நடப்பதால் அது மூன்றாவதாகிறது. மற்றவற்றின் வரிசை மாறுவதில்லை.

1957இல் அமெரிக்கச் சிறுவன் ஒருவனுக்கு எழுதிய கடிதத்தில் லூயிஸ் கால வரிசையை ஆதரித்தார். எனினும் தொடரை முன்கூட்டியே திட்டமிட்டு எழுதவில்லை என்றும், எந்த வரிசையில் படித்தாலும் பெரிய வேறுபாடு இல்லாதிருக்கலாம் என்றும் அதில் தெரிவித்தார். அமெரிக்காவில் வெளியீட்டு வரிசையிலேயே எண்ணிடப்பட்டு வந்த நூல்களை 1994இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் கால வரிசைக்கு மாற்றியது.

இம்மாற்றத்தை ஏற்காதோர் பலர். 1950இல் வந்த நூல், வாசகருக்கு நார்னியாவைப் பற்றி ஏதும் தெரியாது என்ற நிலையில் எழுதப்பட்டது. பனிக்காட்டின் நடுவே தெருவிளக்கு ஒன்று நிற்பது ஏன், அலமாரி வழியே வேறோர் உலகிற்குச் செல்ல முடிவது எப்படி என்ற வினாக்கள் அதில் எழுகின்றன. மந்திரவாதியின் மருமகனை முதலில் படிப்போர் விடையை அறிந்தபின் வினாவைச் சந்திக்கின்றனர். மேலும், அந்நூலில் நோயுற்ற தாயை ஒரு சிறுவன் நார்னியாவின் ஆப்பிளால் காப்பாற்றுகிறான். சிறுவயதில் தாயை இழந்த லூயிஸ் தொடரில் கடைசியாக எழுதி முடித்த நூல் இதுவே.

இறப்பு

லூயிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள தமது இல்லத்தில் காலமானார். அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதும் அதே நாளில் என்பதால், இவரது மறைவுச் செய்தி அப்போது பெரிதும் கவனிக்கப்படவில்லை.