கணக்கைத் திருத்திக்கொண்ட கொடையாளர்

வளரும் நாடுகளின் குடும்ப நலத் திட்டங்களுக்கு வெளிநாட்டு அறக்கட்டளைகள் நிதி வழங்குவது பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் மூன்றாம் ஜான் டி. ராக்ஃபெல்லரை நான் நினைத்துக்கொள்கிறேன். அந்த நிதியின் ஆற்றலை மட்டுமன்றி, அதன் குறையையும் உணர்ந்தவர் அவர்.

ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தால் பெருஞ்செல்வரான முதலாம் ராக்ஃபெல்லரின் பேரனாக 1906-இல் பிறந்த அவர், அறப்பணியையே தம் வாழ்க்கைத் தொழிலாக ஏற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆசியாவில் மேற்கொண்ட பயணங்கள், மக்கள்தொகைப் பெருக்கமே வறுமையின் வேர் என்ற எண்ணத்தை அவருள் ஊன்றின. கருத்தடை பற்றிப் பொதுவெளியில் பேசவே பலரும் கூசிய காலம் அது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையே இத்துறையில் முழுமையாக இறங்கத் தயங்கியது. எனவே, 1952-இல் தம் சொந்தப் பணத்தைக் கொண்டு பாப்புலேஷன் கவுன்சில் என்ற அமைப்பை நிறுவினார்.

மக்கள்தொகை ஆய்வு, வல்லுநர் பயிற்சி, கருத்தடைச் சாதன ஆராய்ச்சி ஆகியவற்றுக்கு அந்த அமைப்பு நிதி வழங்கியது. நம் நாட்டில் லூப் என்று அறியப்பட்ட கருத்தடை வளையம் பரவியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. 1965-இல் இந்திய அரசு லூப் திட்டத்தை நாடு முழுவதும் தொடங்கியது. இலக்குகள் நிர்ணயிக்கப்பட்டன, பொருத்தப்பட்ட வளையங்கள் எண்ணப்பட்டன. ஆனால், உதிரப்போக்காலும் வலியாலும் அவதியுற்ற பெண்களைத் தொடர்ந்து கவனிக்கப் போதிய ஏற்பாடு இல்லை. சில ஆண்டுகளிலேயே பெண்கள் லூப்பைப் புறக்கணிக்கத் தொடங்கினர். திட்டம் அரசினுடையது என்றாலும், எண்ணிக்கையைக் குறைப்பதே முதற்பணி என்னும் சிந்தனையை வளர்த்ததில் அமெரிக்க நிதிக்கும் பொறுப்புண்டு என்பதே என் கருத்து.

இத்துறையில் ஏதோ பிழை நேர்ந்திருக்கிறது என்ற ஐயம் ராக்ஃபெல்லருக்கும் எழுந்தது. அதைக் கண்டறிந்து கூறும் பொறுப்பைத் தம் ஆலோசகர் ஜோன் டன்லப்பிடம் ஒப்படைத்தார். 1974-இல் புகாரெஸ்ட் நகரில் உலக மக்கள்தொகை மாநாட்டையொட்டி நடந்த அரங்கில் அவர் ஆற்றிய உரை பலரைத் திகைக்க வைத்தது. குடும்பக் கட்டுப்பாடு மட்டும் தீர்வாகாது. வளர்ச்சியோடு அது இணைய வேண்டும். பெண்களின் நிலை உயர வேண்டும் என்று அவர் வாதிட்டார். அவர் நிறுவிய அமைப்பிலேயே பலருக்கு அது கசந்தது.

அந்த எச்சரிக்கை எவ்வளவு அவசியமானது என்பதை நெருக்கடி நிலைக்கால இந்தியா காட்டியது. 1976-77-இல் மட்டும் 80 லட்சத்துக்கும் அதிகமான கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. அவற்றில் கட்டாயத்தின் பேரில் நடந்தவை ஏராளம். 1978-இல் கார் விபத்தில் ராக்ஃபெல்லர் காலமானார். பெண்ணின் உடல்நலமும் உரிமையுமே அடிப்படை என்று உலக நாடுகள் கெய்ரோவில் ஏற்க 1994 வரை காத்திருக்க நேர்ந்தது.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணமும் பெயரும் முதலீடு செய்த ஒரு கொள்கையை, உலக அரங்கிலேயே மறுபரிசீலனை செய்யும் துணிவு கொடையாளர்களிடம் அரிதாகவே காணப்படுகிறது. இன்றும் இத்துறையில் நிதி பெறும் திட்டங்கள் எத்தனை சாதனங்கள் வழங்கப்பட்டன என்று கணக்குக் காட்டுகின்றன. அவற்றைப் பெற்ற பெண்ணுக்கு மறுக்கும் உரிமை இருந்ததா, பின்னர் அவள் நலமாக இருக்கிறாளா என்ற கேள்விகளும் அந்தக் கணக்கில் இடம்பெற வேண்டும்.