சேர். பொன்னம்பலம் அருணாசலம்

நம் சைவ வித்தியாசாலை ஆசிரியர்களுள் அநேகர், சேர். பொன். அருணாசலம் அவர்களை இலங்கைத் தேசிய காங்கிரசின் முதற்றலைவர் என்ற அளவிலே அறிவர். அவ்வளவில் நின்றுவிடுதல் போதாதென்பது நமது கருத்து.

இவர் 1853ஆம் ஆண்டு கொழும்பிலே பொன்னம்பல முதலியாருக்கு இளைய புதல்வராய்ப் பிறந்தார். சேர். பொன். இராமநாதன் இவருக்குத் தமையனார். கேம்பிரிட்ஜிற் கற்று, 1875இல் போட்டிப் பரீட்சை வாயிலாக இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்தார். அவ்வழியாய் அதிற் புகுந்த முதல் இலங்கையர் இவரே. பின் பதிவுத் தலைமை அதிகாரியாகி, சீர்கெட்டுக் கிடந்த காணிப் பதிவுகளை ஒழுங்குபடுத்தினார். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தியவரும் இவரே. முப்பத்தைந்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கணக்கெடுத்த அவ்வறிக்கை வெறும் எண்களின் தொகுதியன்று. இந்நாட்டுச் சாதிகள், சமயங்கள், வழக்கங்கள் ஆகியவற்றின் சரித்திரமுமாம்.

உத்தியோக காலத்திலும் இவருடைய உள்ளம் சிவஞானத்தை நாடியே நின்றது. இவரது அழைப்பின்மேல் 1890இல் இங்கு வந்த ஆங்கில நண்பர் எட்வேர்ட் கார்ப்பென்ரர், தமிழ் ஞானி ஒருவரை அடுத்துக் கேட்டவற்றைத் தமது யாத்திரை நூலில் எழுதினார். பொலன்னறுவையிலே, சிங்கள மன்னரின் பழைய இராசதானியிலே, நடராசர் முதலிய வெண்கலத் திருவுருவங்கள் மண்ணிலிருந்து வெளிப்பட்டபோது, அவற்றின் தத்துவத்தை விளக்கி இவர் ஆங்கிலத்தில் ஓர் ஆராய்ச்சி எழுதினார். புதைபொருளாய் மாத்திரம் அவற்றைப் பார்த்தவர்களுக்கு அவை வழிபடு தெய்வங்களென்று உணர்த்திய அச்செயலை நாம் சிறிதென்று எண்ணுவதில்லை.

1906ஆம் ஆண்டு முதல் இலங்கைக்கு ஒரு சர்வகலாசாலை வேண்டுமென்று இயக்கம் நடத்தினார். சுதேச பாஷைகளைப் புறக்கணித்து ஆங்கிலத்தை மாத்திரம் ஊட்டும் கல்வியால், கற்றவர் தம் சனங்களுக்கே அந்நியராகின்றனர் என்பது இவருடைய ஓயாத கவலை. பிறமொழியில் ஒப்புவிக்கும் பிள்ளையை நாள்தோறும் எதிரே காணும் ஆசிரியர்க்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

1913இல் உத்தியோகத்தினின்று ஓய்வுபெற்று, சேர் பட்டமும் பெற்றார். மற்றொருவராயின் அதனோடு அமைந்திருப்பார். இவரோ 1915இல் சமூக சேவைச் சங்கத்தையும், 1917இல் சீர்திருத்தச் சங்கத்தையும் தோற்றுவித்தார். வேலையை விட்டகன்ற தோட்டத் தொழிலாளரைச் சிறையிடும் சட்டத்தையும் எதிர்த்தார். 1919 டிசம்பரில் சிங்களவரும் தமிழரும் ஒருங்கே கூடிய தேசிய காங்கிரசுக்குத் தலைவரானார்.

ஒற்றுமை நெடுங்காலம் நிலைக்கவில்லை. மேல்மாகாணத்திலே தமிழருக்கு ஓர் ஆசனம் கிடைக்க உதவுவதாகச் சிங்களத் தலைவர்கள் முன்னரே எழுத்தில் வாக்களித்திருந்தனர். 1921ஆம் ஆண்டுத் தேர்தல் வந்தபோது அது நிறைவேறவில்லை. தாம் உண்டாக்கிய சபையை விட்டு இவர் வெளியேறினார். ஓர் ஆசனத்துக்காக இத்துணைப் பெரிய முயற்சியைக் கைவிட்டாரே என்று குறை கூறுவோர் உளர். அவர் நொந்தது ஆசனம் போனமைக்கன்று, கொடுத்த வாக்கு போனமைக்கே என்று நாம் கொள்கிறோம். ஆயினும், அவர் உள்ளிருந்தே வாதாடியிருப்பின் இரு சாதியாரிடையும் பிளவு அத்துணை விரைவில் வளர்ந்திராது என்ற எண்ணமும் நம்மை விட்டகலவில்லை.

1923இல் தமிழ் லீக் என்னுஞ் சங்கத்தை நிறுவினார். மறுவருடம் தலயாத்திரையாகத் தென்னாடு சென்றவர், சனவரி 9ஆந் தேதி மதுரையிலே சிவபதமடைந்தார்.